வெட்டி எடுத்த மூச்சு

பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஒத்திகையிலேயே அது தொடங்கிவிட்டது. மன்னார்த் தீவின் பேசாலைக் கரையோரத்தில் இருக்கும் சின்னக் கோயிலின் தூண் ஒன்றுக்குப் பின்னால், மிக்ஸருக்கு முன் பிளாஸ்டிக் கதிரை போட்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான் சுஜீவன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவன் தொழில். பீடத்துக்கு முன்னால் அவனுடைய தங்கை ஜெனிஸ்ரா நிலத்தில் உட்கார்ந்து மாதாவின் புலம்பலைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளி மாலையில் அந்தக் கோயிலில் பாடப்படும் பாட்டு அது. பாடகர் குழு ஒவ்வோர் அடியாகக் கேள்வி கேட்கும். மாதாவாக இருப்பவள் பதில் சொல்லுவாள். கடைசிக்கு முந்திய அடி வரும்போது குழு முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு குரல் மட்டும் தனியே மேலே ஏற வேண்டும்.

"உன் பாரம் என் மடி தாங்கும் மகனே, உன் மௌனம் எப்படித் தாங்கும்..."

'மௌனம்' என்ற இடத்தில் ஜெனிஸ்ராவின் குரல் மயிரிழை அளவு பிளந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. சுஜீவனின் பிடரியில் ஒரு குளிர் கிளம்பி முதுகு வழியாக இறங்கி இரண்டு முழங்கைகளிலும் வந்து நின்றது. காற்றாடி ஓடவில்லை. யன்னல்கள் சாத்தியிருந்தன. அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். மயிரெல்லாம் எழும்பி நின்றது.

"இஞ்ச பாருங்கோ! என்ர கையைப் பாருங்கோ!" என்று குழுவை நடத்தும் அல்பிரட் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக் கத்தினார். அவர் மீன் லொறி ஓட்டுகிறவர். "கோழி உரிச்ச மாதிரி நிக்குது. கொழும்பு மட்டும் ஐசுப் பெட்டிக்கு மேல படுத்துக்கொண்டு போனாலும் எனக்கு இப்பிடி வாறதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடி தங்கள் கைகளையும் பார்த்தார்கள். வாசலருகே முழந்தாளில் இருந்த ஒரு பெண் சிரிக்காமல் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதா வந்து நிண்டிட்டா" என்றாள்.

அந்தச் சொல் அன்று இரவே ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

ஜெனிஸ்ராவுக்கு அது சின்ன விசயமல்ல. அண்ணனும் தங்கையும் பிறந்தது இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போதுதான் குடும்பம் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறந்தால் பிள்ளைகள் "இந்தியாக்காரி, இந்தியாக்காரி" என்று கைதட்டுவார்கள். அவள் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். பாடும்போது மட்டும் எந்த நாட்டுக்காரி என்று யாருக்கும் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தாள். மாதாவின் இடத்தில் எப்போதும் கரையில் பரம்பரையாக இருந்த வீட்டுப் பெண்கள்தான் இருந்து வந்தார்கள். போன வருடம் பாடியவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட, அல்பிரட் துணிந்து ஜெனிஸ்ராவைப் போட்டார். முணுமுணுப்பு இருந்தது. அந்த ஒத்திகையோடு அது அடங்கிற்று. "காம்ப்பில இருந்து வந்த பெட்டை" என்று சொன்ன அதே வாய்கள் "எங்கட ஜெனி" என்றன. அவர்களுடைய அம்மா பாலேஸ்வரி சந்தையில் அதைக் கேட்டுவிட்டு, வாங்கிய மரக்கறியை அங்கேயே மறந்து வீட்டுக்கு வந்து அழுதாள்.

சுஜீவன் ஒழுங்கு பார்க்கிறவன். ஒவ்வொரு வயருக்கும் நிறத்துணி கட்டியிருப்பான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர்க் கட்டை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பிளாஸ்ரர் ஒட்டி அடையாளம் வைத்திருப்பான். அப்படி வைத்தபின்னும் அது சரிதானா என்று மறுபடி போய்ப் பார்ப்பான். சரியென்று கண்ட பிறகு, பார்த்தது சரியாகத்தான் பார்த்தேனா என்று யோசிப்பான். "உனக்கு நீயே சாட்சி சொல்லவேணும் போல" என்று ஜெனிஸ்ரா நையாண்டி பண்ணுவாள்.

ஒத்திகை ஒவ்வொன்றையும் அவன் பதிவு செய்வான். வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் போட்டுத் துப்புரவாக்குவான். நாய் குரைத்தது, யாரோ இருமியது, மின்சாரத்தின் இரைச்சல், அடிகளுக்கு நடுவே பாடுகிறவள் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவான். பதிவுத் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். கேட்கிறவர்களுக்குப் பாட்டு மட்டும் வேண்டும். பிறகு அதைக் கோயில் வட்ஸ்அப் குழுவில் போடுவான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் கைகூப்பும் படம் அனுப்புவார்கள்.

மூன்றாவது கிழமை, வாசலருகே சிலுவை போட்ட அந்தப் பெண் அவனை வழியில் மறித்தாள்.

"தம்பி, கோயிலுக்க கேட்கேக்க எனக்கு உச்சந்தலையில இருந்து கால் மட்டும் கூசினது. போனில அப்பிடி ஒண்டும் வருகுதில்லையே. உங்கட சாமான் சரியில்லையோ?"

சுஜீவனுக்கு முகம் சுட்டது. அன்று மாலை அவன் வட்ஸ்அப் குழுவில் வந்த பதில்களை எல்லாம் திரும்ப வாசித்தான். நல்லா இருக்கு. அருமை. கடவுள் ஆசீர்வதிப்பார். சிலிர்த்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. கோயிலுக்குள் இருந்தவர்களோ கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள்.

அவன் வெட்டிய பதிவைப் போட்டுக் கேட்டான். நல்ல பாட்டு. கை கையாகவே இருந்தது. வெட்டாத பதிவைப் போட்டான். அந்த அடி வருமுன்னே பிடரி குளிர்ந்தது.

தன்னை நம்ப அவனுக்கு மனம் வரவில்லை. எதிர்பார்த்துக் கேட்டால் எதுவும் வரும். அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து, எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் போட்டான். முதலாவதுக்குப் பாலேஸ்வரி தலையை ஆட்டினாள். இரண்டாவதன் பாதியில் கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையாலேயே மற்றக் கையைத் தேய்த்தாள்.

"அந்தக் கதவைச் சாத்து தம்பி. காத்து வருகுது."

கதவு சாத்தித்தான் இருந்தது.

இரண்டு பதிவுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அவன் வெட்டிய இடங்கள் மட்டும். நாயையும் இருமலையும் திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சைத் திருப்பிப் போட்டான். கை சிலிர்த்தது. தனியாக வருகிற அந்த அடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. அவசரமாக, கூட்டத்துக்குள் பிள்ளையின் கையை விட்டுவிட்ட தாய் மூச்சு இழுக்கிற மாதிரி. அதன் முடிவில் நூல் போல ஒரு விசில். குரல் பிளந்த இடம் அழகு என்று ஊர் நினைத்தது. அந்தப் பிளவுக்கு முன்னாலேயே, யாரும் கேட்டதாக நினைக்காத ஒன்றை உடம்பு கேட்டுவிட்டிருந்தது.

அவன் மூன்று கிழமைப் பதிவுகளையும் வரிசையாக வைத்துக் கேட்டான். முதல் கிழமை அந்த இழுப்பு ஒன்றுதான். அடுத்த கிழமை இரண்டு. கடைசிப் பதிவில் சொல்லின் நடுவிலேயே வந்தது.

கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த தங்கையிடம் போனான்.

"ஜெனி, உனக்கு மூச்சு முட்டுதோ?"

"ஒருசந்தியில பசியோட இருந்து பாடிப் பார். உனக்கும் முட்டும்."

"படி ஏறேக்க?"

"எங்கட வீட்டில எங்க அண்ணா படி? முதல்ல மாடி கட்டு, பிறகு ஏறிக் காட்டுறன்."

"பகிடி விடாத. உன்ர பாட்டில ஒரு சத்தம் கேட்குது."

"ஊருக்கு மாதா கேட்குது, உனக்குச் சத்தம் கேட்குது. நீ அந்தப் பெட்டியோட இருந்து இருந்து காதும் பெட்டியாப் போச்சு." அவள் சாம்பல் கையால் அவன் முகத்தில் கோடு இழுக்க வந்தாள். எழும்பிய வேகத்தில் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு சிரித்தாள்.

அவன் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். மைக் கிட்ட இருந்திருக்கும், அதுதான் மூச்சு பெரிதாகக் கேட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொன்னான். அடுத்த ஒத்திகைக்கு மைக்கைத் தள்ளி வைத்தான். அப்போதும் கேட்டது.

கீரிக் கிராமத்தில் ஒரு கலியாண வீட்டுக்குக் கொடுத்த ஸ்பீக்கர்களை ஏற்ற நஸார் தன் ஓட்டோவைக் கொண்டு வந்தான். நஸார் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். ஒத்திகை நாட்களில் சாமான் ஏற்ற வந்து கோயில் மதிலுக்கு வெளியே காத்து நிற்பான்.

"மச்சான், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியே?" என்றான், கயிற்றை இறுக்கியபடி.

"சொல்லு."

"எங்கட மகள் பஸ்னாக்கு முட்டு வருத்தம் தெரியுந்தானே. அவளுக்கு முட்டு வாற ராவையில நான் படக்கெண்டு முழிச்சிருவன். என்னத்துக்கு முழிச்சன் எண்டு தெரியாது. கையில மயிரெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கும். அதுக்குப் பொறகுதான் அந்தப் புள்ளட விசில் சத்தம் காதில விழும். காதுக்கு முந்தி கைக்குத் தெரியிது, பாரன்."

"அதுக்கு?"

"போன வெள்ளி உன்ட தங்கச்சி பாடக்குள்ள அதே மாதிரி எனக்கு நட்டிச்சு. நீங்க மாதா எண்டு சொல்லுறீங்க. அது உங்கட விசயம். நான் ஓட்டோவுக்குள்ள மகள்ட மூச்சுப் பம்ப்பைத் தேடினன்."

சுஜீவன் ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தபடி நின்றான். கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. நஸார் தான் பிழையாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, கலியாண வீட்டு வட்டிலப்பத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

அன்று சுஜீவன் அம்மாவிடம் கேட்டான்.

"ஜெனிக்குச் சின்னனில வருத்தம் ஏதும் இருந்ததோ?"

"காம்ப்பில முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. நீதானே தூக்கிக்கொண்டு திரிஞ்சனி, மறந்திட்டியே? அதுக்கு மாசா மாசம் ஊசி போட்டவை. தவறாமப் போட வேணும் எண்டு அந்தக் கிளினிக்கில சொன்னதுதான்."

"இஞ்ச வந்தாப் பிறகு?"

"இஞ்ச வந்தாப் பிறகு ஏன் ஊசி? கால்நோ ஒண்டும் வரேல்லையே. அது அந்தக் கொட்டிலின்ர ஈரத்துக்கு வந்த வாதம். எங்கட ஊர் மணலில கால் வைச்சதோட போயிட்டுது."

"அம்மா, ஒருக்கா மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம்."

பாலேஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பெரிய வெள்ளி முடியட்டும் தம்பி. இப்ப வருத்தக்காரி எண்டு கதை வந்தா வேற ஆளைப் போட்டிடுவினம். அந்தப் பிள்ளை இந்த ஊரில ஒரு நாள் தலை நிமிர்ந்து இருக்கட்டும்."

அல்பிரட்டிடமும் போய்ப் பார்த்தான். அவர் லொறிக்குக் கீழே படுத்துக் கிடந்தார். "மூச்சு வாங்காமப் பாடுறதுக்கு அவள் என்ன றேடியோவோ?" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது. "டேய் தம்பி, இருபது வருசமா இந்தப் பாட்டுக்கு நிக்கிறன். இப்பதான் சனத்துக்கு மெய் சிலிர்க்குது. நீ அதில போய் ஓட்டை பாக்கிறாய்."

சுஜீவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வழி நெடுக ஒரு எண்ணம் அவனை அரித்தது. அல்பிரட் சொன்னதால் மட்டும் அவன் திரும்பவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அந்த அடியைக் கேட்க அவனுக்கும் ஆசையாக இருந்தது. பிடரி குளிரும் அந்தக் கணத்துக்காக அவனும் கிழமை முழுக்கக் காத்திருந்தான்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, முழு ஒத்திகை. கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் சனம். சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவர் சுரூபத்தை நாலு பேர் கொண்டுவந்து ஜெனிஸ்ராவின் மடியில் கிடத்தினார்கள். அதற்கு அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. சுரூபம் மடியில் இருக்கும்வரை மாதாவாக இருப்பவளை யாரும் தொடக்கூடாது. புலம்பல் முடிந்து சுரூபத்தைத் தூக்கிய பிறகுதான் அவள் கையைப் பிடித்து எழுப்புவார்கள்.

குழு கேட்டது. அவள் பதில் சொன்னாள். தனியடி வந்தது. ஹெட்போனுக்குள் அந்த இழுப்பு வந்தது. ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று. 'மௌனம்' என்று ஏறிய குரல் பிளந்தது. ஒட்டவில்லை. காற்றாய்ப் போயிற்று. ஜெனிஸ்ரா மெதுவாக முன்னால் சரிந்து சுரூபத்தின் நெஞ்சில் முகம் வைத்தாள்.

கோயில் முழுவதும் ஒரே மூச்சாக "ஆ" என்றது. முன் வரிசையில் பெண்கள் முழந்தாளிட்டார்கள். பின்னால் இருந்தவர்களும், அதற்குப் பின்னால் இருந்தவர்களும். அல்பிரட் இரண்டு கையையும் கூப்பியபடி கண்ணீர் வழிய நின்றார். இப்படி ஒரு மாதாவை அந்தக் கோயில் கண்டதில்லை. சுஜீவனும் கதிரையை விட்டு இறங்கி முழந்தாளில் இருந்தான். உடம்பு முழுக்க முள்ளாய் நின்றது. இவ்வளவு அழகாக ஒன்றை அவன் கேட்டதில்லை.

காதில் ஹெட்போன் இருந்தது. கோயில் அமைதியாகிவிட்டதால், முழு ஒத்திகைக்காக அவளுடைய கழுத்துப் பட்டியில் குத்தியிருந்த சின்ன மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது கேட்டது. சின்னச் சின்ன மூச்சு. வேகமாக. ஈரமாக. தண்ணீருக்குள் குமிழி வருவது போல.

அவன் எழும்பி ஓடினான்.

"தொடாத! டேய், தொடாத!" அல்பிரட் குறுக்கே கை நீட்டினார்.

சுஜீவன் நின்றான். பிறகு அவன் செய்ததை ஊர் பல நாள் கதைத்தது. குனிந்து, அந்தப் பாரமான மரச் சுரூபத்தைத் தன்னந்தனியாகத் தூக்கினான். அதை அல்பிரட்டின் நீட்டிய கைகளிலேயே வைத்தான். "தூக்கியாச்சு" என்றான். அதன் பிறகுதான் தங்கையைத் தொட்டான். அவளுடைய உதடு கருநீலமாக இருந்தது.

மதிலுக்கு வெளியே நஸாரின் ஓட்டோ ஏற்கெனவே ஸ்ராட்டில் நின்றது.

மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் றிம்ஷா என்ற இளம் பெண் அவர்களை உட்காரவைத்து விளக்கினார். சின்ன வயதில் வந்த அந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் இருக்கும் ஒரு கதவைத் தடிக்கச் செய்திருக்கிறது. அது முழுதாகத் திறப்பதில்லை. போக இடமில்லாத இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கட்டுகிறது. மூச்சைப் பிடித்து உயரப் பாடும்போது அது இன்னும் கூடும்.

"கொழும்புக்கு அனுப்பி அந்தக் கதவை விரிக்க வேணும். பிந்தக் கூடாது. அதுக்குப் பிறகு ஆறுதலாப் பாடலாம். இப்ப ஒரு வரிகூடக் கூடாது."

பாலேஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த ஊசி" என்று மட்டும் சொன்னாள். 

மருந்து ஏற ஏற ஜெனிஸ்ராவுக்கு மூச்சு இலேசாயிற்று. பெரிய புதனன்று கட்டிலில் கால் தொங்கப்போட்டு இருந்துகொண்டு, கொழும்புக்குப் போகும் சம்மதக் கடதாசியில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை பாடிப்போட்டு வாறன். அதுக்குப் பிறகு பாப்பம்."

"விசரோ உனக்கு? விழுந்தது நினைவில்லையோ?"

"பசியில விழுந்தனான். கொழும்புக்குப் போனா நெஞ்சைத் திறப்பினம். பிறகு நான் பாடுவனோ மாட்டனோ ஆருக்குத் தெரியும்? எனக்கு உள்ளுக்க ஒண்டும் செய்யேல்ல அண்ணா. நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை வருத்தக்காரி ஆக்கிறியள்."

அவன் ஹெட்போனை நீட்டினான். "ஒருக்காக் கேள்."

"அதை ஆயிரம் தரம் குரூப்பில கேட்டிட்டன். எனக்கென்ன குறை அதில?"

அவள் கேட்டது அவன் துப்புரவாக்கியது. அவளுடைய மூச்சை அவளுக்குக் கேட்காமல் செய்தது அவன்தான். அதைச் சொல்ல வாயெடுத்தபோது அல்பிரட் தோடம்பழப் பையோடு உள்ளே வந்தார். முகம் வாடியிருந்தது. ஜெனிஸ்ராவின் கையைப் பிடித்து, "பிள்ளை, நான் ஒரு மடையன்" என்றார்.  பிறகு சுஜீவனைப் பார்த்தார். "ஆனா தம்பி, வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளைப் போட ஒருத்தருக்கும் மனமில்லை. உன்னட்டப் பதிவு இருக்குத்தானே. அதைப் போடுவமோ?"

ஜெனிஸ்ரா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஐந்து நாளாகக் காணாத வெளிச்சம் வந்தது.

"கடைசியாப் பாடினதைப் போடு அண்ணா. அதிலதான் நான் நல்லாப் பாடினனான்."

"அப்ப வெள்ளிக்கிழமை கட்டிலை விட்டு இறங்க மாட்டியே?"

"போனைப் பக்கத்தில வை. நானும் இஞ்ச இருந்து கேட்கிறன்."

"நான் இந்த முறை ஒண்டும் வெட்ட மாட்டன், ஜெனி."

"என்னத்தை வெட்டுறது?"

"உன்ர மூச்சை. எப்பவும் வெட்டித்தான் போடுறனான்."

"மூச்சில என்ன கிடக்கு?" என்று அவள் சிரித்தாள். "உள்ளபடி போடு."

இரண்டு இரவு அவன் நித்திரை கொள்ளவில்லை. இதைச் சனத்துக்குப் போடுவது சரியா? அவள் மூழ்கிக்கொண்டிருந்த சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டு ஊரை முழந்தாளில் இருத்துவதா? வெட்டினால் அவள் மறுபடியும் அழகான பாட்டைத்தான் கேட்பாள். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. பதிவைத் திறந்தான். மூச்சு இருந்த இடத்தில் அடையாளம் வைத்தான். அடையாளத்தை எடுத்தான். மறுபடி வைத்தான். விடியும்போது எடுத்துவிட்டுக் கணினியை மூடினான்.

பெரிய வெள்ளி மாலை. மாதாவின் இடத்தில் யாரையும் இருத்தவில்லை. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் சுரூபத்தைக் கிடத்தினார்கள். தூணுக்குப் பின்னால் சுஜீவன் கைப்பேசியில் ஆஸ்பத்திரியை அழைத்து, அதை ஸ்பீக்கரை நோக்கி மிக்ஸரின் மேல் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தமும் அம்மா ஏதோ சொல்வதும் கேட்டது.

குழு கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து ஜெனிஸ்ரா பதில் சொன்னாள். ஆளில்லாத இடத்திலிருந்து குரல் வருவதைக் கேட்டு ஒரு குழந்தை தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்தது. அடிகள் ஒவ்வொன்றாகப் போயின. தனியடிக்காகக் குழு வாயை மூடிக்கொண்டது.

அந்த அமைதிக்குள் மூச்சு வந்தது.

ஒத்திகையில் அவன் ஹெட்போனுக்குள் மட்டும் கேட்டது, இப்போது கோயிலின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. இழுப்பு. விசில். மறுபடி இழுப்பு. பெண்கள் கையைத் தேய்த்தார்கள். சிலர் கண்ணை மூடினார்கள். ஒரு கிழவர் திரும்பித் தன் மகளைத் தேடினார், ஏன் தேடுகிறோம் என்று தெரியாதவர் போல. சுஜீவனின் பிடரி குளிர்ந்தது.

கைப்பேசியில் ஏதோ கேட்டது. அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணா." அவள் குரல் மெல்லியதாக இருந்தது. "அது ஆர்?"

"நீ."

"நானோ?"

"ஓம்."

"அண்ணா, அது ஆரோ கடலுக்க நிண்டு..." அவள் முடிக்கவில்லை. "எனக்குக் கையெல்லாம் மயிர் எழும்புது. பயமாக் கிடக்கு. நிப்பாட்டு. அண்ணா, நிப்பாட்டு."

'உன் பாரம் என் மடி தாங்கும்' என்று ஸ்பீக்கரில் குரல் ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்தது அந்தச் சொல். கோயில் முழுவதும் அதற்காகக் குனிந்து நின்றது. சுஜீவன் மிக்ஸர்க் கட்டையின் மேல் விரலை வைத்து, பிளாஸ்ரர் ஒட்டிய அடையாளத்தைத் தாண்டிக் கீழே இழுத்தான்.

சத்தம் நின்றது.

அல்பிரட் திரும்பிப் பார்த்தார். கையால் என்ன என்று கேட்டார். புலம்பல் முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. சுரூபத்தைத் தூக்க நின்ற நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். யாரோ இருமினார்கள். பின்வரிசையில் கோபமாக ஒரு முணுமுணுப்பு எழும்பிற்று.

"நிப்பாட்டிட்டன்" என்றான் அவன், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

 அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் வந்தது. அதே இழுப்பு, இப்போது கட்டிலில் இருந்து, உயிரோடு.

"அம்மா," என்று அவள் வேறெங்கோ திரும்பிச் சொல்வது கேட்டது. "நேர்சைக் கூப்பிடுங்கோ. அந்தக் கொழும்புக் கடதாசியைக் கொண்டுவரச் சொல்லுங்கோ." பிறகு அவனிடம், "வைக்காத அண்ணா. போனை வைக்காத."

"வைக்கேல்ல."

தூணைச் சுற்றி அல்பிரட் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார். சுஜீவன் சுவர்ப் பக்கமாகத் திரும்பி, கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் மயிர் இன்னும் படியவில்லை.